காலி சாக்கெட்டுக்கு இன்னொரு உயிர் எதற்கு?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். கமடோர் 64 என்ற பழைய கம்ப்யூட்டர் விஷயத்தில் இப்போது மூன்றாவதாக ஒரு கணக்கும் சேர்ந்துவிட்டது. நன்றாக நடமாடும் யானையையே பிடித்து, தந்தம் தனி, தோல் தனி என்று பிரித்து விற்றால் எவ்வளவு தேறும்?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கிற இடங்களில் சிப்கள் பிடுங்கப்பட்ட கமடோர் 64 மதர்போர்டுகள் அடிக்கடி கண்ணில் படும். பல் விழுந்த வாய் மாதிரி நாலைந்து காலி சாக்கெட்டுகள். சும்மா கிடக்கிறதே என்று ஒருவர் வாங்குவார். அடுத்து என்ன செய்வார்? ஓடுகிற இன்னொரு கமடோர் 64 வாங்கி, அதிலிருந்து சிப்களைக் கழற்றி இதில் செருகுவார். ஒன்று பிழைத்தது, ஒன்று செத்தது. கணக்கு நேராகிவிட்டது என்று தோன்றும். ஆனால் இப்போது காலியான அந்த இரண்டாவது அட்டை மறுபடி விற்பனைக்குப் போகும். அதை வாங்குகிறவரும் இதே வேலையைத்தான் செய்வார்...

இது தேவையில்லாத வழக்கம். காலி சாக்கெட்டை இன்று தயாராகும் மாற்று சிப்பால் நிரப்புவதுதான் சரி. "அசல்" என்ற ஒரு வார்த்தைக்காக ஓடுகிற இயந்திரத்தைக் கொல்லக் கூடாது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1982 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் கமடோர் 64 முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் 595 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 64 கிலோபைட் நினைவகம் அன்றைக்கு அந்த விலையில் பெரிய விஷயம். 1983-ல் நடந்த விலைப்போரில் 200 டாலர் அளவுக்கு இறங்கியது. 1994 ஏப்ரலில் கமடோர் நிறுவனம் திவாலாகும் வரை விற்றுக்கொண்டே இருந்தது. மொத்தம் எத்தனை விற்றது என்பதில் சண்டை உண்டு. ஒன்றேகால் கோடியிலிருந்து 1.7 கோடி வரை சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் உலகத்தில் மிக அதிகமாக விற்ற ஒற்றை மாடல் கம்ப்யூட்டர்களில் முதல் வரிசை.

இவ்வளவு விற்ற பொருளுக்கா தட்டுப்பாடு? பெட்டிக்குத் தட்டுப்பாடு இல்லை, சிப்புக்குத்தான். கமடோர் 1976-லேயே மாஸ் டெக்னாலஜி என்ற சிப் நிறுவனத்தை வாங்கிவிட்டது. ஒலிக்கான சிட், படத்துக்கான விக்-2, கீபோர்டையும் வெளி இணைப்புகளையும் கவனிக்கும் இரண்டு சியா என்று முக்கியமான சிப்கள் எல்லாம் சொந்தத் தயாரிப்பு. அதனால்தான் அவ்வளவு மலிவாக விற்க முடிந்தது. அதே காரணத்தால்தான் கமடோர் போனதும் அந்த சிப்களும் போயின. பென்சில்வேனியாவில் இருந்த அந்தத் தொழிற்சாலை வேறு பெயரில் 2001 வரை ஓடி மூடப்பட்டது. இனிமேல் ஒரு அசல் சிட் கூட உலகத்தில் புதிதாகப் பிறக்கப் போவதில்லை.

காமர்ஸ் வகுப்பில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. இயந்திரத்தின் மதிப்பு வருடா வருடம் குறைந்து கடைசியில் எறிமதிப்பில் போய் நிற்கும். இங்கே எறிமதிப்பே ஏறிக்கொண்டு போகிறது! அதற்கு முக்கியக் காரணம் சிட். பாப் யானஸ் வடிவமைத்த இந்த 28 கால் சிப்பில் மூன்று குரல்கள், கூடவே ஒரு அனலாக் ஃபில்டர். சாதாரண பீப் பீப் சத்தம் இல்லை, உண்மையான சிந்தசைசர். அதனால் கம்ப்யூட்டரைப் பற்றிக் கவலையே இல்லாத இசைக்காரர்களுக்கும் இது வேண்டியிருக்கிறது. 1999-ல் ஸ்வீடனின் எலெக்ட்ரான் நிறுவனம் சிட்ஸ்டேஷன் என்று இந்த சிப்பை வைத்தே ஒரு சிந்தசைசர் கொண்டுவந்தது. பல அட்டைகளில் சிட் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும், ஒரு நிமிடத்தில் கையோடு வந்துவிடும். காயலான் கடைக்காரருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

"அசல்" கட்சிக்காரர்களின் வாதம் என்னவென்றால், மாற்று சிப் போட்டால் அது கமடோர் 64 இல்லை, சத்தம் அதே சத்தம் இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் எந்த அசல்? ஆரம்பத்தில் வந்தது 6581 என்ற சிட். அதன் ஃபில்டர் ஒரு சிப்பில் ஒரு மாதிரி, பக்கத்து சிப்பில் வேறு மாதிரி. ஒரே பாட்டு இரண்டு வீடுகளில் இரண்டு விதமாகக் கேட்கும். பிறகு கமடோரே 8580 என்று திருத்திய சிட்டைப் போட்டது. அதில் ஃபில்டர் ஒழுங்கானது, இரைச்சல் குறைந்தது. கூடவே ஒரு விபத்தும் நடந்தது. பழைய சிப்பின் ஒரு குறையைப் பயன்படுத்தி, ஒலியளவை வேகமாக மாற்றி மாற்றிப் பேச்சையும் டிரம்ஸையும் வரவழைக்கும் தந்திரத்தை அன்றைய விளையாட்டு எழுதியவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். புதிய சிப்பில் அந்தக் குறை சரிசெய்யப்பட்டதால் அந்தக் குரல்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிட்டன. அதாவது அசல் சத்தத்தை முதலில் மாற்றியது கம்பெனியேதான்.

அட்டையும் அப்படியே. 326298 என்ற முதல் அட்டையிலிருந்து 250469 என்ற குட்டை அட்டை வரை பலமுறை மாறியது. ராம் சிப்கள் அன்றைக்கு யார் கொடுத்தார்களோ அவர்களுடையது. பிஎல்ஏ என்ற இணைப்பு சிப் முதலில் சிக்னெட்டிக்ஸ் கம்பெனிச் சரக்கு, பிறகு சொந்தச் சரக்கு. எங்கே நாலு காசு மிச்சமோ அந்தப் பக்கம் போனது கமடோர். அப்படிப் பிறந்த இயந்திரத்துக்கு இன்று பூணூல் போட்டுத் தீட்டுப் பார்ப்பது வேடிக்கை.

சரி, மாற்று சிப் என்று சுலபமாகச் சொல்லியாகிவிட்டது. நடைமுறையில் முடியுமா? முடியும். ஆனால் கையில் கிடைத்ததும் சிப்பை வாங்கிச் செருகுவது இல்லை அது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது அட்டையை அல்ல, கரண்ட் கொடுக்கும் அடாப்டரை. கமடோரின் பழைய அடாப்டர் உள்ளே எபாக்சி ஊற்றி அடைத்த செங்கல். அதிலிருந்து 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் வரும். வயதானால் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் கெட்டு, 5 வோல்ட் மேலே ஏறிவிடும். ஏறினால் ராம் சிப்கள்தான் முதல் பலி. எத்தனையோ கமடோர் 64-கள் வயதாகிச் சாகவில்லை, அடாப்டரால் கொல்லப்பட்டவை. அதே செங்கலை வைத்துக்கொண்டு புது சிப் செருகினால் அதுவும் போகும். புதிய அடாப்டர்தான் முதல் செலவு.

அடுத்து சாக்கெட்டுகள் காலியாக இருக்கும்போதே மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். காலி அட்டையின் ஒரே சௌகரியம் இதுதான், அளக்கும்போது வேறெதுவும் சாகாது. இங்கே ஒரு சின்னப் பொறி உண்டு. சாதாரண 16 கால் லாஜிக் சிப்பில் 8-வது கால் கிரவுண்ட், 16-வது கால் 5 வோல்ட். 4164 ராம் சிப்பில் தலைகீழ், 8-ல் 5 வோல்ட், 16-ல் கிரவுண்ட். இது தெரியாமல் அளந்துவிட்டு மைனஸ் 5 காட்டுகிறதே என்று அட்டையைத் தூக்கி எறிந்தவர்களும் இருக்கலாம்! சிட் சாக்கெட்டின் 28-வது காலில் என்ன வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 6581-க்கு 12 வோல்ட், 8580-க்கு 9 வோல்ட். ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் வேறு வேறு. பழையதுக்கு 470 பிக்கோ ஃபாரட், புதியதுக்கு 22 நானோ ஃபாரட்.

சிப் மட்டுமல்ல, அவசரத்தில் பிடுங்கியவர்கள் சின்னச் சின்ன கெப்பாசிட்டர், ரெசிஸ்டரையும் உடைத்து வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? கமடோரே சொல்லிவைத்திருக்கிறது. 1982-ல் வெளிவந்த புரோகிராமர் கையேட்டின் பின்னால் முழு சர்க்யூட் வரைபடத்தையும் மடித்து வைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வாங்கியவருக்கும் அது உண்டு. இன்றைய லேப்டாப் கம்பெனியிடம் போய் இதைக் கேட்டுப் பாருங்கள்!

இனி சிப்கள். பிஎல்ஏ-வுக்கு 16 உள்ளீடு, 8 வெளியீடு. 27சி512 என்ற சாதாரண ஈப்ராம் சிப்புக்கும் 16 முகவரிக் கோடு, 8 டேட்டா கோடு. கால்களின் இடத்தைச் சரிசெய்து, சரியான அட்டவணையை அதில் எழுதிவிட்டால் வேலை செய்யும். முழுக்க நம்ப முடியாது, சில கார்ட்ரிட்ஜ்களில் தடுமாறும். இதற்கென்றே செய்த மாற்று பிஎல்ஏ அட்டைகள் இதைவிட மேல். பேசிக், கெர்னல் ரோம் சிப்களின் இடத்தில் அடாப்டரோடு ஈப்ராம் போடலாம். சிட்டுக்கு ஸ்வின்சிட், ஆர்ம்சிட், எஃப்பிஜிஏசிட் என்று விலைக்கும் காதுக்கும் ஏற்ப வரிசையாக இருக்கின்றன. விக்-2 ரொம்ப நாள் தீராத தலைவலியாக இருந்தது. இப்போது கவாரி என்ற எஃப்பிஜிஏ மாற்று வந்துவிட்டது, வடிவமைப்பும் திறந்தே கிடைக்கிறது.

சிட் இல்லாமலும் கமடோர் 64 ஓடும் என்பது பலருக்குத் தெரியாது. சத்தம் வராது, பேடில் கன்ட்ரோலரும் வேலை செய்யாது (அதைப் படிப்பதும் சிட்தான்), அவ்வளவுதான். ஆகவே மற்றதையெல்லாம் செருகி, நீலத் திரையில் 38911 பைட் காலி என்ற வரி வருகிறதா என்று பார்த்த பிறகு சிட்டுக்குச் செலவு செய்தால் போதும். திரை கருப்பாகவே நின்றால் கமடோரின் டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ் உதவும். அட்டையில் உள்ள ரோம்களை நம்பாமல் தானே ஓடி, எந்த ராம் சிப் கெட்டதோ அதற்கேற்ற எண்ணிக்கையில் திரையை மின்னி மின்னிக் காட்டும்.

எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு என்று சொன்னால் அது பொய். பிராசசரான 6510-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 6502 குடும்பத்து சிப்கள் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. ஆனால் 6510-ல் முதல் இரண்டு முகவரிகளில் இருக்கும் உள்ளீடு வெளியீட்டுப் போர்ட் அவற்றில் கிடையாது. அப்படியே செருக முடியாது. இதற்குப் பழைய சிப்பையே தேட வேண்டியிருக்கும். தேடட்டும், தப்பில்லை. தண்ணீரில் ஊறித் துருப்பிடித்தது, நடுவில் விரிசல் விட்டது என்று நிஜமாகவே செத்த அட்டைகள் நிறைய இருக்கின்றன. செத்ததிலிருந்து எடுப்பது வேறு, எடுப்பதற்காகக் கொல்வது வேறு.

செலவுக் கணக்கையும் மறைக்கக் கூடாது. நாலைந்து பெரிய சிப்பும் இல்லாத அட்டையை முழுக்க மாற்று சிப்பால் நிரப்பினால், ஓடுகிற ஒரு முழு கமடோர் 64-ன் விலையையே தாண்டிவிடலாம். தனி ஒருவரின் பர்ஸை மட்டும் பார்த்தால் இன்னொன்றை வாங்கிப் பிரிப்பதே லாபம். ஆனால் அந்த லாபத்தில், குறைந்துகொண்டே போகும் பொதுச் சரக்கிலிருந்து ஒன்றை எடுத்த செலவு எழுதப்படவில்லை. அந்தச் செலவு அடுத்தடுத்து வாங்குகிறவர்கள் தலையில் விழுகிறது. 6581 என்று எழுத்தைச் சுரண்டி மாற்றி அச்சடித்த போலி சிப்கள் சந்தையில் புழங்குவதும் அசலுக்கு ஏறிய இந்த மவுசால்தான். போலிக்குக் கொடுக்கும் காசுக்கு நேர்மையான மாற்று சிப் ஒன்றை வாங்கியிருக்கலாம்.

அருங்காட்சியகத்துக்கு இது பொருந்தாது. 1982-ல் இந்த அட்டை எப்படி இருந்தது என்று காட்டுவது அவர்கள் வேலை, அங்கே அசல்தான் இருக்க வேண்டும். ஒலியை ஆராய்கிறவருக்கும் ஒன்றிரண்டு நிஜ 6581 தேவைப்படும். வீட்டில் மேசை மேல் வைத்து சாயங்காலம் விளையாடப் போகிறவருக்கு அந்த அவசியம் என்ன? மேலும் இவை எல்லாம் சாக்கெட்டில் உட்காரும் சிப்கள். நாளைக்கே ஒரு அசல் சிட் வந்து சேர்ந்தால் மாற்றைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுக்கொள்ளலாம். அட்டையில் ஒரு கீறல் கூட விழாது.

ஒன்றை மட்டும் செய்துவிட வேண்டும். எது அசல், எது மாற்று, சிட் சாக்கெட்டில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, கெப்பாசிட்டர் மாற்றியதா இல்லையா என்று ஒரு சின்னச் சீட்டில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட வேண்டும். பத்து வருடம் கழித்துத் திறக்கப் போகிறவர் கையில் ஒரு நல்ல 8580 இருக்கலாம். 12 வோல்ட்டில் செருகினால் அது நிலைக்காது.