பனிக்காலக் குழாய்க்கு யார் பொறுப்பு?

2018 மார்ச் மாதத் தொடக்கம். கிழக்கிலிருந்து வந்த கடுங்குளிர் பிரிட்டனையே மூடிக் கிடந்தது. விடியற்காலையில் எங்கள் வீட்டு பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. வெளிச்சுவரில் விரல் பருமனில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் இறங்குகிறது. அதன் வளைவில் பனிக்கட்டி அடைத்திருந்தது. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி அந்த வளைவில் வைத்து, கை மரத்துப்போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவழியாக உள்ளே கட்டி நழுவும் ஓசை கேட்டது. மறுபடி முடுக்கியதும் பாய்லர் பற்றிக்கொண்டது. குழாய்க்கு உறை போடாமல் போனவர் அதைப் பொருத்தியவர். இரண்டு குளிர்காலம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தும் கேட்காமல் விட்டவன் நான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல், சில விலக்குகள் தவிர, வீடுகளுக்குப் பொருத்தும் புதிய எரிவாயு பாய்லர் கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும் என்பது விதி. புகையோடு போகும் வெப்பத்தையும் அது பிடித்துக்கொள்கிறது. அப்போது புகையிலுள்ள நீராவி நீராகிச் சொட்டுகிறது. அதை வெளியேற்றத்தான் அந்தக் குழாய். முடிந்தவரை அது வீட்டுக்குள்ளேயே ஓட வேண்டும். வெளியே போகத்தான் வேண்டுமென்றால் தூரம் குறைவாக, 32 மி.மீ. அகலத்தில், நனையாத காப்புறையோடு, மீட்டருக்கு 45 மி.மீ. சரிவோடு இருக்க வேண்டும். பொருத்துபவருக்கு இது கூடுதலாகக் கொஞ்ச நேர வேலை. கேட்டு வாங்குவது வீட்டுக்காரரின் கடமை.

பாய்லரிலேயே உறைபனிக் காப்பு இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இருப்பது உண்மைதான். உள்ளே நீர் மிகவும் குளிர்ந்தால் பம்ப் தானே ஓடும். இன்னும் குளிர்ந்தால் நெருப்புப் பற்றும். ஆனால் மின்சாரமும் எரிவாயுவும் இருந்தால்தான் இது நடக்கும். அப்போதும் காப்பாற்றப்படுவது பாய்லர்தான்; வெளிச்சுவர்க் குழாயோ பரணில் ஓடும் தண்ணீர்க் குழாயோ அந்தக் காப்பில் அடங்காது. டிசம்பரில் யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் புறப்படும் நம்மவர்கள் செலவு மிச்சமாகட்டும் என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் அந்தக் காப்பும் போய்விடும்.

உறையும் நீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. குழாய் வெடித்தது, பனி உருகும்போதுதான் தெரியும். 2010 டிசம்பரின் கொடுங்குளிருக்குப் பின் வட அயர்லாந்தில் அதுதான் நடந்தது. பனி இளகியதும் தெருக்குழாய்களும் வீட்டுக் குழாய்களும் பூட்டிக் கிடந்த கட்டடங்களின் குழாய்களும் ஒன்றாக ஒழுகின. நீர்த்தேக்கங்கள் வற்றின. பல்லாயிரம் வீடுகளுக்கு நாட்கணக்கில் தண்ணீர் இல்லை. குடிநீர் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பதவி விலகினார். அவர் விலகியது சரியே. ஆனால் ஆளில்லாத கட்டடத்தில் ஒழுகிய நீரை அவர் ஒருவரால் எப்படி நிறுத்தியிருக்க முடியும்?

சட்டமும் பொறுப்பைப் பகிர்ந்தே வைத்திருக்கிறது. குறுகிய கால வாடகை வீட்டில் வெப்பமூட்டும் அமைப்பைச் சீராக வைத்திருப்பது உரிமையாளரின் வேலை என்கிறது 1985ஆம் ஆண்டுச் சட்டம். குளிர்காலத்தில் வெளியூர் போகும் குடியிருப்பவர் தண்ணீரை அடைத்துவிட்டுப் போக வேண்டும் என்று 1953இலேயே நீதிபதி டென்னிங் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருந்தால் ஈரம் இறங்குவது கீழ்வீட்டுக் கூரையில்.

ஆகவே நவம்பருக்குள் பேசிவிடுங்கள். உரிமையாளர் குழாய்க்கு உறை போடட்டும். குடியிருப்பவர் வெளியூர் போகும்போது தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைக்கலாம், அணைக்க வேண்டாம். பக்கத்தில் தனியாக இருக்கும் முதியவரின் பாய்லர் நின்றால், பனியில் வெந்நீர்ப் பையோடு அவர் நிற்க முடியாது. நாம்தான் போய் நிற்க வேண்டும். ஊருக்குப் போகுமுன் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். அவர்களைச் சமையலறைக்கு அழைத்துப்போய், தண்ணீரை அடைக்கும் திருகு எங்கே இருக்கிறது என்று காட்டி, ஒருமுறை அவர்கள் கையாலேயே திருகிப் பார்க்கச் சொல்லுங்கள்.