துறைமுகத் தண்டவாளத்தைத் தொலைத்துவிடக் கூடாது

மும்பை ஹார்பர் லயனில் தினமும் வேலைக்குப் போகும் நம்மவர்களுக்குச் சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு ஆகியவை பழகிப்போன பெயர்கள். அவற்றுக்குக் கிழக்கே, கிடங்குகளுக்கு நடுவே இன்னொரு ரயில் பாதை ஓடியது என்பது பலருக்கு மறந்துவிட்டது.

அதுதான் துறைமுக ரயில்வே. 1915 ஜனவரி 1-ல் தொடங்கியது. பல்லார்டு பியரிலிருந்து வடாலா வரை சென்று, அங்கே பெரிய ரயில் பாதைகளுடன் சேர்ந்தது. பஞ்சும் தானியமும் அதில் போயின. 1928-ல் கப்பல் பயணிகளை ஏற்றிக்கொண்டு பெஷாவருக்குப் புறப்பட்ட பிரான்டியர் மெயிலும் இந்த வழியேதான் சென்றது.

1989-ல் நவசேவா துறைமுகம் திறக்கப்பட்டது. பெட்டகச் சரக்குகள் அங்கே போயின. இங்கே வேகன்களுக்கும் வேலை குறைந்தது. மூட்டை சுமந்தவருக்கும் குறைந்தது.

துறைமுக நிலத்தை என்ன செய்வது என்று ஆராய 2014-ல் குழு அமைக்கப்பட்டது. திட்டம் எதுவானாலும், முதலில் பழைய பாதையை அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். அது கடினமல்ல. ரயில் சட்டென்று திரும்பாது. எனவே கிடங்குச் சுவர் காரணமின்றி வளைந்தால், அங்கே தண்டவாளம் வளைந்தது என்று கொள்ளலாம்.

இது பழம்பெருமைக்காக அல்ல. நெருக்கடி மிகுந்த நகரில், தெற்கு வடக்காகத் தொடர்ந்து செல்லும் நிலம் கிடைத்தற்கரியது. துண்டு போட்டு விற்றுவிட்டால் மறுபடி ஒட்டவைக்க முடியாது. பாதையோரக் குடிசைவாசிகளுக்கு மாற்று வீடு கொடுத்து, அந்த வழியைப் பொதுப் போக்குவரத்துக்கே ஒதுக்க வேண்டும். உழைப்பவர் உபயோகித்த பாதை உழைப்பவருக்கே பயன்படட்டும்.