வெட்டவெளியிலும் நமக்கு அடுப்படிதானா?



வைகாசி மாதம் ஒரு நாள் என் சின்னப் பையன் ஒரு யோசனையோடு வந்தான். "அம்மா, ஆடியில சொந்தக்காரங்க எல்லாரும் சேர்ந்து ஏலகிரி போவோம். டென்ட் போட்டுத் தங்கலாம்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டேய், உங்க பாட்டி காலத்துலேருந்து நாம அதைத்தானே பண்றோம்? பெரியபாளையத்துல வருஷா வருஷம் எங்கடா தங்கறோம்?" என்று கேட்டேன்.

"அங்க போனா நீ சமைச்சுக்கிட்டேதானேம்மா இருப்பே?" என்றான்.

வாயடைத்துப் போனேன். உண்மைதானே!

பெரியபாளையம் பவானி அம்மன் கோவிலில் ஆடியில் தொடங்கி 14 வாரம் திருவிழா. சனிக்கிழமையே குடும்பம் குடும்பமாய் வந்து தங்கி, ஞாயிறு காலையில் பொங்கல் வைத்து, வேப்பிலை உடுத்தி வேண்டுதலை முடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் தேர்வாய் கண்டிகைக்கு மருமகளாக வந்த புதிதில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போவோம். காலையில் கிளம்பினால் பொழுது சாயப் போய்ச் சேரும். ஆரணி ஆற்றங்கரையில் வண்டியை அவிழ்த்து, பாயை விரித்தால் அதுதான் வீடு.

பிறகு எங்கள் ஊர் மாறியது. தொழிற்பேட்டை வந்தது. மேய்ச்சலுக்கு இடம் குறைய, மாடுகளை விற்றோம். 2020-இல் கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கமும் திறந்தார்கள். 500 மில்லியன் கன அடி தண்ணீர் பிடிக்கும் ஏரி, சென்னையின் குடிநீருக்காக. ஊரில் வண்டிமாடு போய் வேன் வந்தது. கூரை போய் தார்ப்பாய் வந்தது. மாறாதது ஒன்றே ஒன்றுதான். மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினால், அதன் முன்னால் உட்காருவது நாம்!

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் 22 பேர் போயிருந்தோம். இட்லி, சாம்பார், மதியம் கறிக்குழம்பு, சாயங்காலம் சுண்டல், நடுவில் நாலு தடவை டீ. ஆண்கள் ஒரு பக்கம் சீட்டாட்டம், வளர்ந்த பிள்ளைகள் ஒரு பக்கம் செல்போன். மதியம் மூன்று மணிக்கு என் ஓர்ப்படி அடுப்பு பக்கத்திலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் மாத்திரை போட்டவள், பந்தி பரிமாறிய மும்முரத்தில் ஒரு வாய் கூட சாப்பிடவில்லை. பக்கத்துக் குடும்பத்து அம்மாள் ஒருவர்தான் முதலில் கவனித்து, சர்க்கரைத் தண்ணீர் கரைத்து ஓடி வந்தார். கண் திறந்தவள் கேட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா? "குழம்பு அடி பிடிச்சிடுச்சா அக்கா?"

22 பேரில் ஒருவருக்கும் அவள் சாப்பிடாதது தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே இந்த வருஷம், சின்னவன் ஏலகிரி என்றதும் நான் ஒரு நோட்டை எடுத்தேன். "பெரியபாளையமே போவோம். ஆனா ஆளுக்கொரு வேலை" என்றேன். தண்ணீர் சுமப்பதும் விறகும் என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனாருக்கும். சோறும் குழம்பும் இரண்டு பையன்களுக்கு. காய் நறுக்குவது மாப்பிள்ளைக்கு. காலை டிபன் கடையில். முதல் பந்தியில் பெரியவர்களோடு ஓர்ப்படி உட்கார வேண்டும், இது கட்டாயம்!

மாமியார் முகம் சுளித்தார். "அம்மன் காரியத்துல ஆம்பளைங்க கரண்டி பிடிக்கிறதா?"

"அத்தை, அம்மனுக்கு வைக்கிற பொங்கல் நம்ம வேண்டுதல். அதை நாமளே வைப்போம். 22 பேருக்கு ஆக்கிப் போடணும்னு யாரும் வேண்டிக்கலையே!" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சோறு குழைந்து கஞ்சியானது. குழம்பில் உப்பு தூக்கல். இருந்தும் மாமியார் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். "உன் தாத்தா ஒரு நாளும் எனக்குச் சோறு போட்டதில்லடா" என்று பேரனிடம் சொன்னபோது எங்கள் எல்லோருக்கும் தொண்டை அடைத்தது.

அதைவிடப் பெரிய விஷயம் அன்று ராத்திரி நடந்தது. பாத்திரம் தேய்க்கிற வேலையும் எனக்கு இல்லாததால், பல வருஷத்தில் முதல் முறையாக பத்து மணிக்கே பாயில் கட்டையைச் சாய்த்தேன். பெரியவன் பக்கத்தில் வந்து படுத்தான். அவன் ஒப்பந்த வேலை பார்க்கிறவன். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறபோது நான் அடுப்படியில் இருப்பேன். நான் ஓய்கிறபோது அவன் கிளம்பிவிடுவான். ரொம்ப நேரம் சும்மா இருந்தவன் மெதுவாக, "அம்மா, ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டாங்க போலிருக்கு. மூணு மாசமா யார்கிட்டயும் சொல்லல" என்றான்.

மூன்று மாதம்! ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. நான் மட்டும் வழக்கம்போல் பாத்திரத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தால், அன்றும் சொல்லியிருக்க மாட்டான். விடிவதற்குள் அப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வேலைக்கு வழி இன்னும் பிறக்கவில்லை. ஆனால் பிள்ளை இப்போது தனியாகக் கவலைப்படவில்லை.

சில சகோதரிகள், "பிள்ளைங்க எப்பவோ ஒரு நாள் வராங்க, அவங்களைப் போய் வேலை வாங்கறதா?" என்று கேட்பீர்கள். கல்யாண வயசுப் பிள்ளைகள் விருந்தாளிகள் இல்லை. நாம் கேட்காததால்தான் அவர்களும் செய்யவில்லை. "நீ தள்ளு, நான் பண்ணிக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லியே கெடுத்தவர்கள் நாம்தான்.

ஆடி வெள்ளியோ, ஆடிப்பெருக்கோ, ஏலகிரியோ, எங்கே வேண்டுமானாலும் போங்கள். கட்டாயம் ஒரு ராத்திரி எல்லோரும் ஒன்றாகத் தங்குங்கள். ஆனால் கிளம்பும் முன் மூட்டை முடிச்சோடு வேலையையும் பங்கு போட்டுவிடுங்கள். அந்த ராத்திரி நமக்கும் வேண்டும். நம்மிடம் பேச வேண்டியது பிள்ளைகளுக்கும் இருக்கிறது.

என்ன தோழியரே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, தேர்வாய் கண்டிகை.