மாற்றுச் சான்றிதழில் ஒளியும் தீண்டாமை

மைசூருவுக்குத் தெற்கே, 1990களின் பிற்பகுதி வரை மைசூரு மாவட்டத்தோடு இணைந்திருந்த சாமராஜநகர் பகுதியில், ஹொம்மா என்ற கிராமத்தின் அரசுப் பள்ளி 2025 ஜூன் மாதம் நாடறிந்த செய்தியாயிற்று. மதிய உணவுச் சமையலின் தலைமைப் பொறுப்பு தலித் பெண் ஒருவரிடம் வந்த பின், 22 குழந்தைகள் பயின்ற அப்பள்ளியிலிருந்து பெற்றோர் தம் பிள்ளைகளை விலக்கினர்; ஒரே ஒரு குழந்தை எஞ்சியதாக நாளேடுகள் எழுதின. அதிகாரிகள் விரைந்து சென்று பேசினர். சிலர் பிள்ளைகளைத் திரும்ப அனுப்ப இசைந்தனர். கற்பித்தலின் தரமே குறை என்று விளக்கம் கூறியவர்களும் உண்டு. அந்தத் தரம் சமையலர் மாறிய வேளையில்தானா சரிந்தது?

நேற்று வரை அருகில் அமர்ந்திருந்தவர்கள் இன்று ஏன் வரவில்லை என்பதை எஞ்சிய குழந்தைக்கு யார் விளக்குவது? வேறு பள்ளிக்கு இழுத்துச் செல்லப்படும் குழந்தைகளின் நிலை இன்னும் துயரமானது. எவர் கையால் உண்ணலாகாது என்ற பாடத்தை அவர்கள் எழுத்துக் கூட்டப் பழகும் வயதிலேயே கற்கிறார்கள்.

1960 நவம்பரில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, கூட்டாட்சி அரசின் காவலர்கள் புடைசூழ வெள்ளையர் பள்ளிக்குள் நுழைந்தாள். வெள்ளையினப் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினர். அக்கல்வியாண்டு முழுவதும் ஓர் ஆசிரியை அவள் ஒருத்திக்கு மட்டுமே பாடம் நடத்தினார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறி அப்போது ஆறாண்டுகள் கடந்திருந்தன. கதவைத் திறக்கச் சட்டத்தால் முடிந்தது; உள்ளே இருந்தவர்கள் வேறு வாசல் வழியே வெளியேறுவதைத் தடுக்க முடியவில்லை.

மைசூரு இதை அதற்கும் முன்பே கண்டது. பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குப் பொதுப் பள்ளிகளைத் திறந்துவிட மைசூர் சமஸ்தானம் 1910களில் முனைந்தபோது, சாதி இந்துக்கள் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டு எதிர்ப்புக் காட்டினர். அரண்மனை ஆணைக்குப் பின்னால் ஊரில் அமைப்பாகத் திரண்ட சக்தி இல்லை. ஏறத்தாழ அதே காலத்தில் திருவிதாங்கூரில் அய்யன்காளியின் தலைமையில் புலையத் தொழிலாளர்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையேல் வயலில் இறங்குவதில்லை என்று வேலைநிறுத்தம் செய்தனர். ஊருட்டம்பலம் பள்ளியில் ஒரு புலையச் சிறுமியைச் சேர்த்ததற்காக அப்பள்ளியே கொளுத்தப்பட்டது, போராட்டம் ஓயவில்லை.

சமையலர் நியமனத்தில் தலித்துகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது. கௌரவ ஊதியம் என்ற பெயரில் சொற்பத் தொகைக்கு உழைக்கும் இப்பெண்களின் முதுகில் அந்த உத்தரவைச் சுமத்திவிட்டு, அரசுகள் ஒதுங்கி நிற்கின்றன. தமிழ்நாடு பெருமை பேச இடமில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே அருந்ததியர் சமூகச் சமையலரைச் சாதி ஆதிக்கத்தினர் எதிர்த்ததும், அதிகாரிகள் முதலில் செய்தது அவரை இடமாற்றியதுதான். தீண்டாமைக்கு எதிரான அமைப்புகள் வீதிக்கு வந்த பிறகே அவர் பழைய பணியிடத்துக்குத் திரும்ப முடிந்தது.

இங்கே பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மாணவர் எண்ணிக்கை குறைந்த அரசுப் பள்ளிகளை இணைப்பது, மூடுவது என்பதே பல மாநில அரசுகளின் கொள்கை. அந்தக் கணக்கில் புறக்கணிப்பும் வெறும் எண்ணிக்கைக் குறைவாகிவிடும். சாதியவாதி விரும்பியதை நிர்வாகமே நிறைவேற்றித் தரும். பணம் கட்ட முடிந்தவர் தனியார் பள்ளிக்குச் செல்வார். எஞ்சிய குழந்தை எங்கே செல்லும்?

சாதிப் புறக்கணிப்பால் மாணவரை இழந்த எந்தப் பள்ளியும் மூடப்படலாகாது. கூட்டமாக மாற்றுச் சான்றிதழ் கேட்கப்படும் இடங்களில் வருவாய், கல்வித்துறை அதிகாரிகள் நேரில் விசாரித்து, தீண்டாமை தென்பட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிய வேண்டும். எந்தச் சமையலரும் இடமாற்றப்படக் கூடாது. விலகிய பெற்றோரிலும் கூலி உழைப்பாளர்கள் இருப்பார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கமும் மாணவர், மாதர் அமைப்புகளும் அவர்களை வீடு வீடாகச் சந்தித்து, அச்சமையலர் சமைத்த உணவை ஊர் நடுவே அவர்களுடன் அமர்ந்து உண்ண வேண்டும். அடுத்த ஜூன் சேர்க்கைக்கு முன்பே அந்தப் பணி தொடங்க வேண்டும்.