இரண்டு எஜமானர்களின் சமாதானம்

தென்னாப்பிரிக்க சரித்திரத்தில் மே 31 என்ற தேதிக்கு ஒரு தனி இடம் உண்டு. 1902-ம் ஆண்டு மே 31 அன்று பிரிட்டிஷ் அதிகாரிகளும் போயர் தலைவர்களும் பிரிட்டோரியா நகரில் கையெழுத்துப் போட்டு, இரண்டரை வருஷத்துக்கு மேல் நடந்த யுத்தத்தை முடித்துக் கொண்டார்கள். 1910-ம் ஆண்டு அதே மே 31 அன்று ஆட்சியை வெள்ளையர் கையில் கொடுத்து, தென்னாப்பிரிக்க யூனியன் அமைக்கப்பட்டது. 1961-ம் ஆண்டு அதே மே 31 அன்று நிறவெறி சர்க்கார் தன்னைக் குடியரசு என்று பிரகடனம் செய்து கொண்டது. மூன்று பந்திகள் நடந்தன. மூன்றிலும் அந்த மண்ணின் கறுப்பு மக்களுக்கு இலை போடப்படவில்லை.

இந்தப் பழைய யுத்தத்தில் ஆலையில் நூல் நூற்கும் தோழருக்கும், வயலில் நாற்று நடும் தோழருக்கும் என்ன இருக்கிறது? இரண்டு எஜமானர்கள் மோதிக் கொண்டால் யார் சாகிறார்கள், அவர்கள் ராஜியானால் யாருடைய கூலி குறைகிறது என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டிய யுத்தங்கள் மிகச் சிலவே.

இன்னொரு காரணமும் உண்டு. 2025 மே மாதத்தில் அமெரிக்க சர்க்கார், போயர்களின் சந்ததியாரான வெள்ளை ஆப்பிரிக்கானர்களில் ஒரு கூட்டத்தை 'அகதிகள்' என்று சொல்லி விமானம் ஏற்றி வரவழைத்தது. உலகத்து அகதிகளில் பெரும்பாலோருக்கு அடைத்த கதவு இவர்களுக்குத் திறந்தது. 'போயர்கள் பாவம், காலம் காலமாகத் துன்பப்பட்டவர்கள்' என்ற பழைய கதை மறுபடியும் கிளப்பி விடப்படுகிறது. அந்தக் கதையில் பாதி உண்மை உண்டு. மறைக்கப்படும் மறுபாதியை நாம் சொல்லியாக வேண்டும்.

தங்கம் மூட்டிய நெருப்பு

போயர் என்றால் டச்சு பாஷையில் குடியானவன். நம் நாட்டில் இதே பெயருள்ள உழைப்பாளி சமூகத்துக்கும் இவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இவர்கள் ஐரோப்பாவிலிருந்து தென்னாப்பிரிக்காவில் குடியேறிய வெள்ளையர்கள். டிரான்ஸ்வால், ஆரஞ்சு சுதந்திர நாடு என்று இரண்டு குடியரசுகளை அமைத்து ஆண்டு வந்தார்கள்.

1886-ம் ஆண்டில் டிரான்ஸ்வாலின் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கண்டார்கள். பன்னிரண்டு வருஷத்துக்குள் உலகத் தங்க உற்பத்தியில் கால் பங்குக்கு மேல் அங்கிருந்து வந்தது. ஆனால் அந்தத் தங்கம் பூமியின் ஆழத்தில், பாறைக்குள் பொடிப் பொடியாகக் கலந்து கிடக்கிறது. அதை எடுக்கப் பெரும் மூலதனமும் பெரிய யந்திரங்களும் வேண்டும். தங்கத்தின் விலையோ அந்தக் காலத்தில் உலகச் சந்தையில் மாறாத விலையாக இருந்தது. விலையை ஏற்ற முடியாத முதலாளி லாபத்தை எங்கே தேடுவான்? தொழிலாளியின் கூலியில்தான் தேடுவான்.

யுத்தத்துக்கு முன்பே அந்தச் சுரங்கங்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஆப்பிரிக்கத் தொழிலாளிகள் பாடுபட்டார்கள். இவர்களைக் கட்டிப் போட 1895-ல் டிரான்ஸ்வால் சர்க்கார் பாஸ் சட்டம் கொண்டு வந்தது. சுரங்க முதலாளிகள் கேட்டார்கள், போயர் ஜனாதிபதி பால் குரூகரின் ஆட்சி கொடுத்தது. அதற்கு அப்புறமும் முதலாளிகளுக்குத் திருப்தி இல்லை. டைனமைட் விற்பனையில் ஏகபோகம், ரயில் கட்டணம் அதிகம், கூலிக்கு ஆள் போதவில்லை, சட்டத்தை அமல் நடத்தும் கை போதவில்லை என்று அடுக்கடுக்காகப் புகார் சொன்னார்கள். தங்கள் சொந்தக் கை ஆட்சியில் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் தீர்மானம்.

வைர ராஜா செசில் ரோட்ஸ் 1895 கடைசியில் ஜேம்சன் என்ற ஆளின் தலைமையில் ஒரு குதிரைப் படையை ஏவிப் பார்த்தார். அந்தப் படை சில நாட்களில் பிடிபட்டது. பிறகு குடியேற்ற மந்திரி ஜோசப் சேம்பர்லினும், கேப் ஹை கமிஷனர் ஆல்பிரட் மில்னரும் காரியத்தை எடுத்துக் கொண்டார்கள். டிரான்ஸ்வாலில் குடியேறிய வெள்ளையர்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று முழங்கினார்கள். அந்தச் சமயத்தில் பிரிட்டனில் பெண்களுக்குப் பார்லிமெண்ட் ஓட்டு இல்லை, ஏழை ஆண்கள் பலருக்கும் இல்லை. இந்தியாவின் கோடிக்கணக்கான மக்களுக்கோ பேச்சே இல்லை. அப்பேர்ப்பட்ட சர்க்கார் டிரான்ஸ்வாலின் ஓட்டுக்காகக் கண்ணீர் விட்டது! 1899 அக்டோபர் 11 அன்று யுத்தம் வெடித்தது.

தென்னாப்பிரிக்காவுக்கு நேரில் போய்ப் பார்த்த ஆங்கிலப் பத்திரிகையாளர் ஜே. ஏ. ஹாப்ஸன், இந்த யுத்தத்தின் பின்னால் நிற்பது பணமூட்டைகளின் நலனே என்று எழுதினார். 1902-ல் ஏகாதிபத்தியத்தைப் பற்றி அவர் வெளியிட்ட நூலைத் தோழர் லெனின் கவனமாகப் படித்துப் பயன்படுத்தினார் என்பது நம் வாசகர்கள் பலர் அறிந்ததே.

எரிந்த வீடுகள், அடைத்த முகாம்கள்

சுமார் நாலரை லட்சம் சிப்பாய்களைப் பிரிட்டன் இறக்கியது. நகரங்கள் விழுந்தன. போயர்கள் பணியாமல் குதிரை மேல் கொரில்லாப் போர் நடத்தினார்கள். தளபதி கிச்சனர் அதற்குக் கண்ட வழி தீ வைப்பு. ஏறத்தாழ 30,000 பண்ணை வீடுகள் எரிக்கப்பட்டன. ஆடு மாடுகள் கொல்லப்பட்டன. பெண்களையும் குழந்தைகளையும் கம்பி வேலிக்குள் கூடாரத்தில் அடைத்தார்கள். தட்டம்மையும் விஷக் காய்ச்சலும் பரவின. சுமார் 28,000 போயர் ஜனங்கள் மாண்டனர். அவர்களில் 22,000-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். எமிலி ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கில மாது 1901-ல் முகாம்களுக்குப் போய்ப் பார்த்து, இந்தக் கொடுமையை உலகறியச் செய்தார். பிடிபட்ட போயர் வீரர்களைக் கடல் கடத்தி இலங்கையில் தியத்தலாவையிலும், நம் திருச்சியிலும்கூட அடைத்து வைத்தார்கள்.

இது பாதி உண்மை. இதை நாம் மறைக்கவில்லை. குழந்தையின் பிணத்தில் நிறம் பார்ப்பது நம் வழக்கமும் அல்ல.

மறுபாதி இதுதான். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆப்பிரிக்க மக்கள் தனி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அங்கே தானியம் இனாம் இல்லை. ஆண்கள் ராணுவத்துக்குக் கூலி வேலைக்குப் போனால்தான் குடும்பத்துக்கு மலிவு விலையில் மக்காச்சோளம். பெண்களும் கிழவர்களும் ரயில் பாதை ஓரத்தில் பயிர் செய்து வயிற்றைக் கழுவ வேண்டும். ஏட்டில் ஏறிய சாவு மட்டும் 14,000-க்கு மேல். ஏட்டில் ஏறாதவற்றையும் சேர்த்தால் 20,000 அல்லது அதற்கும் அதிகம் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். எத்தனையோ ஆண்டுகள் இவர்களுக்கு நினைவுக் கல்கூட இல்லை.

இது வெள்ளையர்களுக்குள் நடக்கும் சண்டை என்று இரு தரப்பாரும் சொல்லிக் கொண்டார்கள். ஆனால் வண்டி ஓட்டியது யார்? பதுங்கு குழி வெட்டியது யார்? வேவு பார்த்தது யார்? பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் சுமார் ஒரு லட்சம் ஆப்பிரிக்கர்கள் வேலை செய்தார்கள். பல ஆயிரம் பேர் துப்பாக்கியும் ஏந்தினார்கள். போயர்களோ தங்கள் பண்ணையாட்களையே யுத்த களத்துக்கு இழுத்துச் சென்றார்கள்.

நம் ஜனங்களும் அதில் உண்டு. 1860 முதல் 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒரு லட்சத்து ஐம்பதினாயிரம் பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். தமிழும் தெலுங்கும் பேசிய ஏழைகள். காந்தியடிகள் திரட்டிய 1,100 பேர் கொண்ட இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 800 பேர் இந்த ஒப்பந்தக் கூலிகளே. கொலென்சோவிலும் ஸ்பியான் கோப்பிலும் காயம்பட்ட வெள்ளை வீரர்களைத் தோளில் சுமந்து மைல் கணக்கில் நடந்தார்கள். சாம்ராஜ்யத்துக்கு விசுவாசம் காட்டினால் உரிமை கிடைக்கும் என்பது தலைவர்களின் நம்பிக்கை. கிடைத்தது என்ன? ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலி தலைக்கு வருஷம் 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்ற சட்டம் அப்படியே நின்றது. 1913-ல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான், 1914-ல் அந்த வரி ஒழிந்தது. சுமந்த தோளால் கிடைக்காதது, வேலையை நிறுத்திய கையால் கிடைத்தது.

யாருக்குச் சமாதானம்?

1902 ஒப்பந்தத்தின் எட்டாவது ஷரத்தைப் பாருங்கள். கறுப்பு மக்களுக்கு ஓட்டுரிமை தருவதா என்ற கேள்வியை, சுயாட்சி வந்த பிறகே முடிவு செய்வது என்கிறது அது. அதாவது வெள்ளையர்களிடம் ஆட்சியைக் கொடுத்த பிறகு, அவர்கள் இஷ்டப்படி! அடுத்து, போயர்களின் வீடு வாசலைச் சீர்படுத்த 30 லட்சம் பவுன் என்று எழுதினார்கள். யுத்த காலத்தில் போயர்கள் விட்டுப் போன நிலங்களில் ஆப்பிரிக்க உழவர்கள் ஏர் பூட்டியிருந்தார்கள். அது அவர்கள் பாட்டன் பூட்டன் நிலம். பிரிட்டிஷ் போலீஸ் வந்து அவர்களின் ஆயுதத்தைப் பறித்தது, நிலத்தைப் பழைய பண்ணையாரிடமே ஒப்படைத்தது. நேற்றுவரை பகைவன், இன்று பங்காளி!

சுரங்கத்தில் என்ன நடந்தது? யுத்தத்துக்கு முன் ஆப்பிரிக்கத் தொழிலாளியின் கூலி மாதம் சராசரி 50 ஷில்லிங் அளவில் இருந்தது. யுத்த காலத்திலேயே முதலாளிகள் சங்கம் கூடி அதை 30 முதல் 35 ஷில்லிங் என்று வெட்டியது. தொழிலாளிக்குச் சங்கம் இல்லை, கொடி இல்லை. ஆனாலும் ஊரில் இருந்துகொண்டே பதில் சொன்னான்: வரமாட்டேன் என்றான். சுரங்கங்கள் ஆளில்லாமல் கிடந்தன. கூலியைத் திரும்ப ஏற்ற வேண்டி வந்தது.

கூலியை இன்னும் ஏற்ற மனமில்லாத முதலாளிகள் 1904 முதல் 63,000-க்கு மேற்பட்ட சீன ஏழைகளைக் கப்பலில் கொண்டு வந்தார்கள். ஆப்பிரிக்கனை அடக்க சீனன். வெள்ளைத் தொழிலாளியின் வாயை அடைக்க ஒரு பட்டியல். சீனர்கள் செய்யக் கூடாத தொழில்நுட்ப வேலைகளின் பட்டியல் அது. பின்னாளில் ஆப்பிரிக்கனின் முன்னேற்றத்தைத் தடுத்த நிறத் தடைக்கு அதுவே முன்மாதிரி. யுத்தத்தில் நிலமிழந்து பட்டினியாக ஜோகன்னஸ்பர்க் வந்த ஏழைப் போயரும் இதில் சிக்கினான். பக்கத்தில் நின்று பாறை உடைப்பவன் தன் வர்க்கத்தான் என்பதை மறந்து, தோலைப் பார்த்துத் திருப்திப்பட்டான். முதலாளிக்கு வேண்டியதும் அதுவே.

மற்றதை வேகமாகச் சொல்லி விடலாம். 1910 யூனியனின் முதல் பிரதமர், பிரிட்டனை எதிர்த்துப் போராடிய போயர் தளபதி லூயி போத்தா. 1913 நிலச் சட்டம், மக்கள் தொகையில் மூன்றில் இரண்டு பங்கான கறுப்பர்களுக்கு ஒதுக்கியது சுமார் 7 சதவீத நிலம். 1946 ஆகஸ்டில் தோழர் ஜே. பி. மார்க்ஸின் தலைமையில் சுமார் 70,000 சுரங்கத் தொழிலாளிகள் நாளுக்கு 10 ஷில்லிங் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீஸ் அடித்தும் சுட்டும் அதை முறித்தது. அப்போதைய பிரதமர் யார்? 1902 ஒப்பந்தத்தை எழுதுவதில் கை கொடுத்த போயர் தளபதி ஸ்மட்ஸ்! 1969-ல் ஒரு கறுப்புச் சுரங்கத் தொழிலாளியின் கூலி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 1911-ல் வாங்கியதைவிட அதிகமில்லை. இதுதான் அந்தச் சமாதானத்தின் கணக்கு.

1994-ல் நிறவெறி ஆட்சி வீழ்ந்தது. கோடிக்கணக்கான மக்களின் தியாகம் அது. ஆனால் கணக்கு இன்னும் தீரவில்லை. 2017-ல் அந்நாட்டு அரசாங்கம் எடுத்த நிலக் கணக்கில், தனி நபர்கள் பெயரில் உள்ள பண்ணை நிலத்தில் 72 சதவீதம் வெள்ளையர்களுடையது என்று தெரிந்தது. 2012 ஆகஸ்ட் 16 அன்று மாரிகானாவில் கூலி உயர்வு கேட்ட 34 பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளிகளைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. சுட்டது வெள்ளையர் அரசாங்கத்தின் போலீஸ் அல்ல என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொடி மாறினால் மட்டும் போதாது. நிலமும் சுரங்கமும் யார் கையில் என்பதே கேள்வி.

ஆகவே, போயர் யுத்தத்தில் நியாயம் யார் பக்கம் என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்வது இது. முகாமில் மாண்ட போயர் குழந்தைக்காக நாம் வருந்துகிறோம். அதை முகாமில் அடைத்த ஏகாதிபத்தியத்தைச் சபிக்கிறோம். ஆனால் பண்ணையாருக்கும் சுரங்க முதலாளிக்கும் நடந்த வழக்கில், பறிபோன நிலமும் வெட்டிய கூலியும் யாருடையவையோ அவன் பக்கமே நியாயம் இருந்தது. அவனை இரண்டு தரப்பும் சாட்சியாகக்கூட கூப்பிடவில்லை.

தோழர்களே! எஜமானர்கள் சண்டையிடும்போது 'நம் பக்கம் வா' என்று இருவரும் கூப்பிடுவார்கள். சமாதானப் பத்திரம் எழுதும்போது கதவைச் சாத்திக் கொள்வார்கள். அந்தக் கதவுக்கு வெளியே நிற்பவர்கள், நிறமும் ஜாதியும் பாஷையும் பார்க்காமல் ஒன்றாய் நின்றால், அவர்கள் இல்லாமல் எந்தப் பத்திரமும் எழுத முடியாது.