நகரிற் குடியேறுவோர் கேட்க மறக்கும் கேள்வி

திரௌபதி அம்மன் திருவிழாவுக்காக ஊருக்கு வந்திருந்த என் பழைய மாணவர் ஒருவர், தீமிதிக்கு முதல் நாள் மாலை என்னைக் காண வந்தார். சீனாவின் தென்கரையிலுள்ள குவாங்சோ என்னும் பெருநகரில் அவருக்கு இரண்டாண்டு உத்தியோகம் கிடைத்திருந்தது. மனைவியையும் ஐந்து வயது மகனையும் உடனழைத்துச் செல்வதென்று முடிவு செய்திருந்தார். "சேர், எல்லாம் ஒழுங்காகிவிட்டது. அந்தப் பெரிய ஊரில் எந்தப் பகுதியில் வீடு எடுப்பது என்பதில்தான் ஒரே குழப்பம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடப்பில் பிறந்தவனுக்கு இப்படியொரு குழப்பம் இயல்பானதன்று. மேற்கே கடல், கிழக்கே முந்தற் களப்பு, இடையே கிடக்கும் மணற்பரப்பில், உறவினர் வீட்டு வேலியோடு வேலியாக எங்கேனும் ஒரு வளவு. அதற்கு மேல் தெரிவு ஏது? ஆனால் அவர் கேட்ட கேள்வி அற்பமானதன்று. நம்மூரிலிருந்து கொழும்புக்குப் போகும் ஒவ்வொரு குடும்பமும் அதே கேள்வியைக் கேட்டு, பெரும்பாலும் தவறான விடையைக் கண்டடைவதை நான் முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நானே அத்தவற்றைச் செய்தவன்.

சீன நகரில் இடம் தேடிய தமிழர்களில் என் மாணவர் முதல்வரல்லர் என்பதை அன்பர்கள் அறிவார்கள். அதே தென்கரையில் வடகிழக்கே உள்ள குவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்திருக்கிறது. குப்ளாய்க்கான் ஆட்சிக் காலத்தில், அவனது நலத்தை வேண்டி, சிவனுக்குத் தமிழ் வணிகர் திருமேனி எழுந்தருளுவித்த செய்தியை அது கூறுகிறது. கோயிலின் தூண்களும் சிற்பங்களும் பின்னர் அந்நகரின் வேறு கட்டிடங்களிற் சேர்ந்துவிட்டன. அரசனின் ஆதரவு இருந்தது, பொருள் இருந்தது, கோயிலும் இருந்தது. அவர்தம் பேரப்பிள்ளைகள் எம்மொழியிற் பேசினார்கள் என்பதை மட்டும் கல் சொல்லவில்லை.

நான் அறிந்த பெருநகர் கொழும்பு ஒன்றே. ஆகவே அதைக் கொண்டே அவருக்கு விடை சொன்னேன்.

கொழும்பில் வீடு தேடும் தமிழர் முன் இரண்டு வழிகள் வைக்கப்படுகின்றன. ஒன்று, "நம்மவர் நிறைய இருக்கும் இடத்துக்குப் போ" என்பது. அதன் பொருள் பெரும்பாலும் வெள்ளவத்தை. தமிழ்ச் சங்கமும் இராமகிருஷ்ண மிஷனும் அங்கே இருக்கின்றன. சிறிது தள்ளிப் பம்பலப்பிட்டியில் 1951இல் தொடங்கிய இந்துக் கல்லூரி இருக்கிறது. காலி வீதியில் மரக்கறி வாங்குவதற்குத் தமிழைத் தவிர வேறு மொழி வேண்டியதில்லை. இரண்டாவது வழி, "வாடகை குறைந்த புறநகரில், காற்றோட்டமான ஒரு வீட்டைப் பார், மொழி வீட்டுக்குள் இருந்தாற் போதும்" என்பது. படித்தவர்கள் இப்பொழுது இந்த இரண்டாவது வழியையே நாகரிகமென்று கொள்கிறார்கள். கூட்டமாக வாழ்வது பிற்போக்காம். சிதறி வாழ்வது பாதுகாப்புமாம்.

பாதுகாப்பு என்ற வாதத்தை முதலில் முடித்துவிடலாம். 1983 ஜூலையில் சிதறி வாழ்ந்தவர் தப்பவில்லை. கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்ததைக் கண்டோர் பலர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். சிங்கள அயலாரின் நடுவே தனித்து நின்ற வீட்டையும் அந்த இடாப்பு காட்டிக் கொடுத்தது. அயலார் சிலர் உயிரைப் பணயம் வைத்துக் காத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அதை நம்பி வீடு எடுக்க முடியாது. கூட்டமாக வாழ்ந்தவரும் தப்பவில்லை. 2007 ஜூன் 7ஆம் தேதி விடியற்பொழுதில் கொழும்பு விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் 370க்கு மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அகற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆகவே எந்தத் தெரு பாதுகாப்பானது என்ற கேள்விக்குத் தெருக்களிடம் விடை கிடையாது. அந்த விடை அரசிடம் இருக்கிறது.

மொழி வீட்டுக்குள் இருந்தாற் போதும் என்ற வாதத்துக்கு வருகிறேன். இதை யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னால் மன்னித்துவிடலாம். உடப்பான் சொல்லலாகாது. புத்தளத்திலிருந்து தெற்கே நீர்கொழும்பு வரை இக்கரையோரத்தை ஒருமுறை பஸ்ஸிற் கடந்து பாருங்கள். அங்குள்ள மீனவக் கிராமங்கள் பலவற்றில் பாட்டன்மார் தமிழிலே பேசினார்கள். தமிழிலே செபம் செய்தார்கள். பேரர்கள் இன்று சிங்களவர். யாரும் அவர்களை அடிக்கவில்லை, விரட்டவுமில்லை. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பாடசாலைகளின் போதனாமொழி சிங்களமாயிற்று, அவ்வளவுதான். வீட்டுக்குள் தமிழ் அப்போதும் இருந்தது. பிள்ளை பாடசாலையிலிருந்து கொண்டுவந்த மொழி முதலில் முற்றத்துக்கும், பின்னர் அடுக்களைக்கும் வந்து சேர்ந்தது. மொழி மாறியதிற் குற்றமில்லை. அவர்கள் நல்ல மனிதர்கள், நம் அயலார். ஆனால் மாறியது அவர்கள் விரும்பித் தெரிந்ததன்று. கேளாமல் விட்ட ஒரு கேள்வியின் விளைவு. உடப்பிற் தமிழ் நிலைத்ததற்கு நம் மறத்தனம் காரணமென்று மேடைகளிற் பேசுவோர் உண்டு. மறத்தனமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. பாடசாலை தமிழ்ப் பாடசாலையாக இருந்தது. கரைவலை இழுக்கையில் அம்பாப் பாட்டுத் தமிழிலே எழுந்தது. பதினெட்டு நாட் திருவிழாவிற் பாரதக் கதை தமிழிலே நடந்தது. வீட்டுக்கு வெளியே மொழிக்கு வேலை இருந்தது.

இவ்வளவும் அறிந்த நான் செய்தது என்ன? 1994இற் கொழும்பில் எனக்கு உத்தியோகம் கிடைத்தபோது புறநகரொன்றில் வீடெடுத்தேன். இரண்டு அறை, முற்றத்தில் ஒரு மா மரம், நல்ல கிணறு. வாடகையோ நகரத்து வாடகையிற் பாதி. தமிழ்மொழிப் பாடசாலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அக்காலத்துச் சோதனைச் சாவடிகளைத் தாண்டிச் சின்னப் பிள்ளையை அப்படி அனுப்ப மனம் வரவில்லை. அடுத்த தெருவிலிருந்த சிங்களமொழிப் பாடசாலையில் மகளைச் சேர்த்தேன். ஆசிரியைகள் அவளைத் தம் பிள்ளை போலவே பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒரு குறையுமில்லை. இரண்டு வருடம் கழித்துத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தோம். என் தாயார் பேத்தியை மடியில் இருத்தி ஏதோ கேட்டார். பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "அப்பா, ஆச்சி என்ன சொல்றா?" என்று சிங்களத்திற் கேட்டாள். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு இறால் உரிக்கப் போய்விட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் கொட்டாஞ்சேனைக்கு வீடு மாறினேன்.

கொட்டாஞ்சேனை என்றதும் நண்பர்கள் முகஞ்சுளித்தார்கள். "மாறுவதென்றால் வெள்ளவத்தைக்கு அல்லவா மாற வேண்டும்?" என்றார்கள். வெள்ளவத்தையை நான் குறை கூற வரவில்லை. ஆனால் அங்கே ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் முதற் கேள்வி "எந்த ஊர்?" என்பது; "உடப்பு" என்றால் இரண்டாம் கேள்வி "அது எங்கே?" என்பது. தமிழர் கூடி வாழும் இடத்திலும் எந்தத் தமிழர் என்ற வேலி ஒன்று உண்டு. கொட்டாஞ்சேனையில் அந்த வேலி தாழ்ந்தது. செட்டியார் தெருவின் நகைப்பட்டறைத் தொழிலாளி, மலையகத்திலிருந்து வந்த கடைச் சிப்பந்தி, முஸ்லிம் வியாபாரி, சிங்களக் கத்தோலிக்கர், பழைய பரதவர் குடும்பத்தார் என்று எல்லாரும் ஒரே குழாயடியில் நிற்கிறார்கள். பொன்னம்பலவாணேசர் கோயில் மணியும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் மணியும் ஒரே காற்றில் வருகின்றன. பிள்ளை பாடசாலையிற் தமிழ் படித்தாள். தெருவிற் சிங்களம் மறக்கவில்லை. முஸ்லிம் தோழியிடம் நான் அறியாத நல்ல தமிழ்ச் சொற்கள் சிலவற்றையும் கற்று வந்தாள். இன்னுமொன்று: வெள்ளவத்தைவாசி புறக்கோட்டை பஸ் நிலையத்துக்கு வந்து சேரும் நேரத்திற் கொட்டாஞ்சேனைவாசி வத்தளையைத் தாண்டிச் சிலாப வீதியில் ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருப்பார். ஊருக்குப் போகும் வழி சுருங்கினால் ஊருக்குப் போகும் தடவைகள் பெருகும்.

இதற்கு நான் கொடுத்த விலையையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றரை அறை வீடு. மழை பெய்தால் வடிகால் வாசற்படிக்கு வரும். மா மரத்துக்குப் பதில் எதிர்வீட்டுச் சுவர். என் மனைவி முதல் ஆறு மாதம் என்னுடன் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவர் கோபம் நியாயமானது. வீட்டைப் பார்த்து எடுத்தவன் நான். அதில் இருபத்து நான்கு மணி நேரமும் இருந்தவர் அவர்.

ஆகவே வீடெடுப்போர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, "அங்கே நம்மவர் இருக்கிறார்களா?" என்பதன்று, "வாடகை எவ்வளவு?" என்பதுமன்று. "பிள்ளை எந்த மொழியிற் படிக்கும், பாடசாலை விட்டு வரும் வழியில் எத்தனை மொழி கேட்கும்?" என்பதே. முதலாம் வகுப்பு அனுமதிக்கு வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரத்தை நம் நாட்டிற் புள்ளியிட்டுக் கணக்கிடுகிறார்கள். ஆதலால் பாடசாலையைப் பார்த்து வீடெடுக்கும் வழக்கம் புதியதன்று. சீன நகரங்களிலும் நல்ல பாடசாலை வட்டாரத்து வீட்டுக்குத் தனி விலை உண்டு. ஆனால் அங்கும் இங்கும் பெற்றோர் பார்ப்பது பாடசாலையின் பெயரை. மொழியைப் பார்ப்போர் குறைவு.

என் மாணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சேர், குவாங்சோவில் தமிழ்ப் பாடசாலைக்கு எங்கே போவது? ஆங்கிலப் பாடசாலைதான். இரண்டே வருடந்தானே" என்றார். "எனக்கும் இரண்டு வருடந்தான் பிடித்தது, தம்பி" என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு தாம் விசாரித்தவற்றைச் சொன்னார். ஆப்பிரிக்க வணிகர் கூடும் சியாவோபெய் என்றொரு பகுதி உண்டாம்; வெளிநாட்டார் வீடு மாறினால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பொலிசிற் பதிய வேண்டுமாம். பதிவு என்றதும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்நியருக்கு அங்குள்ள விதி அது. நாம் அதைச் சொந்த நாட்டிலேயே பழகியவர்கள்.

புறப்படும்போது வேறொரு வீட்டைப் பற்றியும் சொன்னார். பாடசாலையிலிருந்து சிறிது தூரமாம். அதே மாடிக் கட்டிடத்திற் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இரண்டு இருக்கின்றனவாம். அவர்களின் பிள்ளைகள் மாலையிற் கீழே சீனப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறார்களாம். வீடு சிறியது, வாடகையும் அதிகம் என்று தயங்கினார். மனைவியையும் அழைத்துப்போய் அந்த வீட்டைக் காட்டிவிட்டு முன்பணம் கொடுக்கும்படி சொல்லி அனுப்பினேன்.