அம்மாவுக்கு ஒரு குசினி

லண்டனில் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தால் வரி பாக்கி, இல்லாவிட்டால் குப்பைத் தொட்டி விவகாரம். போன வருஷம் வந்தது இரண்டும் இல்லை. 'உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பின்தோட்டத்தில் ஒரு சிறு வீடு கட்ட அனுமதி கேட்டிருக்கிறார். ஆட்சேபணை இருந்தால் 21 நாளுக்குள் எழுதவும்.'

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாடி எழுப்பி எங்கள் துளசிக்கு வெயிலே இல்லாமல் பண்ணினபோது, ஒரு ஈ காக்காய் எங்களைக் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணை. வேலியோரம் பிடித்தேன்.

"அம்மாவுக்குத்தான் தம்பி. 78 வயசாச்சு. தனக்கெண்டு ஒரு அறையும் குசினியும் வேணுமாம்."

குசினி என்றால் சமையலறை. மருமகளின் குசினியில் அம்மா மீன் பொரித்தால் முதலில் ஸ்மோக் அலாரம் கத்தும். அப்புறம் மற்றவர்கள்.

"தோட்டத்தில் ஷெட் போட அனுமதியே வேண்டாமே?" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

"ஷெட்டுக்கு வேண்டாம். அம்மாவுக்கு வேணும்."

உண்மைதான். இங்கிலாந்தின் 2015 விதிகளின்படி, ஒரே தளமாக, வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் என்றால் உயரம் 2.5 மீட்டரைத் தாண்டாமல், வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் அடைக்காமல் இருந்தால் பொதுவாக ஷெட் போட்டுக்கொள்ளலாம். உள்ளே புல்வெட்டும் மெஷின் இருக்கலாம். டிரெட்மில் ஓடலாம். அம்மா குடியிருந்தால்தான் தகராறு.

குறுக்கு வழிகளும் உண்டு. 1968 கேரவன் சட்டப்படி, நகர்த்தக்கூடிய வீடு ஒன்று இன்றைய அளவில் 20 மீட்டர் நீளம், 6.8 மீட்டர் அகலம் வரை இருந்தாலும் அது கேரவன்தான்! சொன்னேன்.

"அம்மாவைச் சில்லுல வைக்கச் சொல்லுறீரோ தம்பி?" என்றார் அண்ணை. சில்லு என்றால் சக்கரம்.

ஒளித்துக் கட்டினால்? சர்ரேயில் ஒரு விவசாயி வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அதற்குப் பின்னால் ஒரு கோட்டையே கட்டி மறைத்து வைத்தார். 2016-ல் அதை இடிக்க வேண்டி வந்தது. 2013-ல் ஸ்லவ் கவுன்சில், எந்த ஷெட்டில் ஆள் குடியிருக்கிறது என்று பார்க்க வெப்பக் கேமராவோடு விமானமே பறக்கவிட்டது. அம்மாவின் புட்டுக்குழல் ஒன்று போதும், மேலிருந்து எரிமலை மாதிரி தெரியும்.

ஆகவே அண்ணை நேர்வழியில் போனார். அதிகாரி விளக்கம் கேட்டார்: இது தனி வீடா, பெரிய வீட்டைச் சார்ந்த பகுதியா? கட்டில், அடுப்பு, குளியலறை இருக்கலாம், தனிக்குடித்தனம் ஆகிவிடக்கூடாது.

பதில் எழுத நானும் போயிருந்தேன். 'அம்மா எங்களைச் சார்ந்து வாழ்பவர்' என்று எழுதி, அண்ணை அதைத் தமிழில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். அங்கேதான் தப்பு.

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஆர் ஆரைச் சார்ந்திருக்கிறது? விடிய எழும்பித் தேத்தண்ணி போடுறது ஆர்? பேரப்பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தால கூட்டியாறது ஆர்? நான் கேட்டது குசினி. பிச்சை இல்லை."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மருமகள்தான் பேனாவை வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டு எழுதினார்: 'நாங்கள் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்கிறோம்.' அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

நானும் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிப் போட்டேன். என் அபிப்பிராயம் கேட்டு வந்த முதல் சர்க்கார் கடிதம். அதற்குக்கூட ஆட்சேபிக்க முடியாமல் போய்விட்டது. எட்டு வாரத்தில் அனுமதி வந்தது, நிபந்தனையோடு: பெரிய வீட்டைச் சார்ந்தே இருக்க வேண்டும், தனியாக விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது.

இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணை, மனைவி, பிள்ளைகள் எல்லாரும் தட்டும் கையுமாகத் தோட்டத்தைக் கடந்து குசினிக்குப் போகிறார்கள். வேலிக்கு மேலாக எனக்கும் ஒரு கிண்ணம் வருகிறது. பெரிய வீட்டு அடுப்பில் பூனை தூங்குகிறது.

அதிகாரி சோதனைக்கு வந்துவிடப் போகிறாரே என்பதுதான் என் கவலை. பெரிய வீட்டுக்கல்லவா அனுமதி கேட்பார்!